மூடிமேல் ஒரு கட்டைவிரல்

ஓடுகிற எந்திரம் எதுவும் அவருக்கு வேண்டாம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

செம்பூரில், ஹார்பர் லைன் தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு அவருடையது. நான் முதன்முதலாகப் போனபோது சாப்பாட்டு மேசை முழுக்க மினிடிஸ்க் பிளேயர்களும் ரெக்கார்டர்களும் வயிறு திறந்து கிடந்தன. கேசட் போய்ச் செல்போன் வருவதற்கு இடையே கொஞ்ச காலம் புழங்கிய பொருள் அது. பிஸ்கட் அளவுச் சதுர உறைக்குள் ஒரு சின்னத் தட்டு. அதில் பாட்டுக் கேட்கலாம், நாமே பேசிப் பதிவும் செய்யலாம். மாட்டுங்காவிலும் தாராவியிலும் எந்தக் கோயில் எந்த ஆண்டு வந்தது, எந்தக் கடை எப்போது கைமாறியது என்று முதியவர்களைக் கேட்டுப் பதிவு செய்யும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படிப் பதிந்த தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அவற்றைப் போட்டுக் கேட்க எந்திரம்தான் இல்லை. யாரோ இந்தப் பெண்மணியின் முகவரியைத் தந்தார்கள்.

மேசையிலிருந்து ஒன்றை எடுத்தார். தட்டைச் செருகினார். ஒரு பெண்குரல் பாட ஆரம்பித்தது. முதல் வரி முடிவதற்குள் பட்டனை அமுக்கி நிறுத்தினார்.

“ஓடுது. கொண்டு போங்க.”

இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

“கேக்கதுக்கு ஒங்களுக்கு வீடு இல்லையா சார்?” என்று அடுத்த எந்திரத்தின் திருகாணியில் கையை வைத்துவிட்டார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஒருமுறை கேட்டபோது, என் பெயர் எதற்கு, எந்திரத்தின் மாடல் நம்பரை எழுதுங்கள் என்றார். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். ஒல்லி உடம்பு. சேலையின் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் கண்ணாடிக்குப் பதிலாகச் சின்னத் திருப்புளிகளை வைத்திருப்பார். கண்ணாடி எப்போதும் தலைமேல் இருக்கும். ரயிலில் இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். குர்லாவில் இறங்க வேண்டுமென்றால் திலக் நகரிலேயே வாசலுக்கு வந்துவிடுவார்.

வாங்கிய பிளேயர் நன்றாக ஓடியது. மரியாதைக்காகப் போன் செய்து சொன்னேன். “சரி” என்று வைத்துவிட்டார். இரண்டாவது முறை நன்றி சொன்னபோது “அதான் சொல்லிட்டீங்களே” என்றார். மூன்றாவது முறை, லேசாக ஒரு ‘கிர்’ சத்தம் கேட்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றேன். அன்று மாலையே மாட்டுங்காவில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, அவரோடு அரைமணி நேரம் பேச வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் நான் ஒரு பழுதைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் இருபது வயதில் சேர்ந்தாராம். ரேடியோ, பிறகு டேப் ரெக்கார்டர். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பற்றவைக்கும் இடத்தில் சில மாதம் இருந்தார். பிறகு சோதனையில் தள்ளப்பட்டவை வந்து சேரும் மேசையில் உட்கார வைத்தார்கள். தொழிற்சாலை மூடும்வரை அங்கேதான் இருந்தார்.

“நல்ல பீஸ் எல்லாம் அந்தப் பக்கமாவே பெட்டிக்குள்ள போயிரும். எங்கிட்ட வாரது பூரா கெட்டதுதான். நல்லது எப்படி இருக்கும்னே நான் கண்டதில்ல சார்” என்று சிரித்தார்.

பழைய எந்திரங்களை அவர் வாங்கும் விதம் வேடிக்கையாக இருக்கும். தாராவியில் பழைய சாமான் குவியும் பங்கார் கடைகளுக்கு இரண்டு மூன்று தடவை கூடப் போயிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும் கழிவுகளில் கால்குலேட்டர், கேமரா, போன் எல்லாவற்றுக்கும் நடுவே மினிடிஸ்க் பிளேயரும் கிடக்கும். பேட்டரி வைக்கும் பள்ளத்தைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். காதருகே வைத்து ஆட்டுவார். கடைக்காரர் “சல்தா ஹை” என்றால், அதாவது ஓடும் என்றால், கையில் இருந்ததைக் கீழே வைத்துவிடுவார். கொஞ்ச நாளில் அந்தக் கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டதுமே “மேடம், பந்த் ஹை, ஏக்தம் பந்த்”, சுத்தமாக ஓடாது, என்று கூவி விற்கப் பழகிவிட்டார்கள். அதில் ஒன்று நன்றாக ஓடியபோது, ஏமாற்றிவிட்டான் என்று திருப்பிக் கொடுக்கப் போனார்.

அவரிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பாந்திராப் பக்கத்து இளைஞர்கள். இந்தச் சதுரத் தட்டு மறுபடியும் நாகரிகமாகிவிட்டதாம். அவர்கள் ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டுவார்கள். அந்த நேரம் முழுவதும் இவர் சமையலறை வாசலில் நின்று நிலைக்கதவின் கீலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அது சிரிப்பாக இல்லை. கீழ்வீட்டு அம்மாள் பித்தப்பை அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்தபோது, தினமும் கஞ்சி கொண்டுபோனவர் இவர். தலைவாரி விட்டார், நர்சுகளோடு சண்டை போட்டார். அந்த அம்மாள் குணமாகி வீட்டுக்கு வந்தபின் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தாலும் தலையசைத்துவிட்டு ஏறிவிடுவார். “நான் பொழைச்சது அவளுக்குப் பிடிக்கலையோ என்னமோ” என்று அந்த அம்மாள் என்னிடம் வருத்தப்பட்டார்.

கணவரைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேச்சு வந்தது. கையில் பற்றவைக்கும் கோல் இருந்தது, தலை நிமிரவில்லை. “குடிச்சிட்டுக் கெடந்த வரைக்கும் நல்லாப் பாத்துக்கிட்டேன் சார். ஒருநாளு நிறுத்திட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்ல. இப்ப ஐரோலில தம்பி வீட்டுல இருக்காரு, சௌக்கியமா.” ஈயம் உருகும் வாசனை எழுந்தது.

தாராவியில் கொடை நோட்டீஸ்கள் சேகரிக்கப் போன இடத்தில்தான் ஒரு வில்லுப்பாட்டுக்கார அம்மாளைச் சந்தித்தேன். கோயில் கொடை என்பது திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் தங்கள் அம்மனுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் விழா. நோட்டீஸில் கிழமை இருக்கும், நட்சத்திரம் இருக்கும், உபயதாரர் பெயர்கள் இருக்கும். ஆண்டு மட்டும் இருக்காது. அதற்காக நான் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மாள் பல ஆண்டுகள் அங்கே கொடையில் வில்லடித்துப் பாடியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆமாம், இல்லை என்று தலையசைப்பார். இடது கையால் தொடையில் தாளம் போடுவார். அவ்வளவுதான்.

மகள் செல்வி பம்பாயில் பிறந்தவள். ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. அந்த ஆண்டு கொடையில் தானே பாடுவதாகச் சொல்லியிருந்தாள். விழாக் கமிட்டி இழுத்தடித்தது. ஊரிலிருந்தே ஒரு குழுவை அழைத்துவிடலாம் என்றார்கள். ஊர்க் குழு அம்மன் பிறந்த கதையைப் பாடும். ஆனால் அம்மன் ரயிலேறிப் பம்பாய்க்கு வந்த கதை அவர்களுக்குத் தெரியாது. தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த குடும்பங்களோடு, இருக்கைக்கு அடியில் மஞ்சள் துணி மூட்டையில் அம்மன் வந்த கதை அது. அந்த அம்மாள் தானே கட்டியது. எழுதி வைத்ததில்லை. செல்விக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். நினைவிருந்த பகுதிகளை இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள், பாதிக்கதைகூட வரவில்லை. முழுக்கதையும் பாட முடிந்தால் மகளையே உட்கார வைப்போம், இல்லையென்றால் ஊர்க் குழுதான் என்று கமிட்டி முடிவாகச் சொல்லிவிட்டது.

கதை முழுவதும் பதிவான ஒரே பொருள் ஒரு மினிடிஸ்க். அந்த அம்மாள் பாடிய ஒரு கொடையில் மைக் செட் போட்டவர், வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ரெக்கார்டரில் பதிந்திருக்கிறார். பாட்டு முடிந்து நிறுத்தியதும் திரையில் ஏதோ எழுத்து விட்டுவிட்டு மின்னியது. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, சட்டென்று பேட்டரியைக் கழற்றி வேறு மாற்றியிருக்கிறார். அதன்பிறகு எந்த எந்திரத்தில் போட்டாலும் வெற்றுத் தட்டு என்றே காட்டியது. ஆனாலும் அம்மன் பாட்டு உள்ளே இருக்கிறது என்று அந்தக் குடும்பம் தட்டைப் பூசை அலமாரியில் வைத்திருந்தது.

இதைச் செம்பூரில் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் பேச்சு முடியும் முன்பே அவர் பையை எடுத்துவிட்டார்.

செல்வி தட்டை வெளியே அனுப்பச் சம்மதிக்கவில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள்தான் போனோம். தட்டைப் பார்த்ததும் இவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். தட்டின் உறையில் தகரக் கதவு போல ஒரு மூடி உண்டு. எந்திரத்துக்குள் போனதும் அது விலக வேண்டும். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அந்தத் தகரத்தின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் காய்ந்து, மூடி உறையோடு ஒட்டிப்போயிருந்தது.

“சாமிக்கு வைக்கது சரி, ஏட்டி. வாயில பூசி வச்சிருக்கியே.”

“எல்லாப் பொருளுக்கும் வச்சோம் ஆன்ட்டி. மிக்ஸிக்குக்கூடத்தான் வச்சோம்” என்றாள் செல்வி.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அதைக் கரைத்து எடுக்கவே வெகுநேரம் பிடித்தது. செல்வி பக்கத்திலேயே நின்றாள். சந்தனப் பொடி ஒன்று உள்ளே விழுந்தாலும் தட்டு கீறிவிடும்.

பிறகு அவர் செய்ய இருந்ததை எங்களுக்கு விளக்கினார். பாட்டு தட்டில் பதிந்துதான் இருக்கிறது. எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்கிற பொருளடக்கத்தைத்தான் எந்திரம் கடைசியில் எழுதும்; அது எழுதிக்கொண்டிருந்தபோதுதான் பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள். ஆகவே முந்திய நாளே ஒரு புதுத் தட்டில் வெறும் மௌனத்தைக் கடைசிவரை பதிந்துகொண்டு வந்திருந்தார்; அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்து, எந்திரம் பொருளடக்கத்தை மறுபடி எழுதப்போகும் நேரத்தில் அதை ஏமாற்றித் தட்டை மாற்ற வேண்டும். புதுத் தட்டின் பொருளடக்கம் பழைய தட்டில் ஏறிவிடும். தவறினால் இருப்பதும் போய்விடும்.

செல்வி அம்மாவைப் பார்த்தாள். அந்த அம்மாள் தலையசைத்தார்.

எந்திரத்தின் மூடி திறந்திருப்பது அதற்குத் தெரியாமல் இருக்க உள்ளே இருந்த பித்தானைப் பல்குத்தும் குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தட்டை மாற்றினார். திரையில் அதே எழுத்து மின்னியது. மின்னுவது நின்றதும் ‘எழுபத்துநான்கு நிமிடம், ஒரே பாட்டு’ என்று காட்டியது. கூடவே பதிவு செய்த நாள் என்று, அவர் முந்திய நாள் மௌனத்தைப் பதிந்த தேதியைக் காட்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை. பழைய பாட்டுக்கு நேற்றைய தேதி ஏறிவிட்டதே என்றேன்.

“தேதி பொய்யின்னா இருந்துட்டுப் போகட்டும் சார். பாட்டு நெசந்தானே.”

அவர் கொண்டுவந்த எந்திரங்களில் மூன்று அந்தத் தட்டை வெளியே தள்ளிவிட்டன. தடியான, பழைய காலத்து எந்திரம் ஒன்று மட்டும் ஏற்றுக்கொண்டது. அதுவும் எந்திர மூடியின் ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான். விட்டால் ஒலி போய்விடும். நிறுத்தினால் மறுபடி சுழலும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செல்வி தன் அலுவலக லேப்டாப்பில் ஒயரைச் செருகிப் பதிவைத் தொடங்கினாள். சின்ன ஸ்பீக்கரில் உடுக்கை எழுந்தது. பிறகு அந்த அம்மாளின் பழைய குரல், கனமாக, சற்று மூக்கில் உரசிக்கொண்டு.

இவருடைய வலது கை தன்னையறியாமல் நிறுத்தும் பட்டனை நோக்கிப் போனதைக் கண்டேன். பாதியிலேயே திரும்பி மடிக்குள் போய்விட்டது.

எழுபத்துநான்கு நிமிடம் அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. கால் பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த அம்மாள் கட்டிலில் சாய்ந்து, தன் குரலுக்குத் தானே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கதையில் ரயில் புனாவைத் தாண்டியது. டிக்கெட் பரிசோதகர் வந்து, இருக்கைக்கு அடியில் இருக்கும் மூட்டை யாருடையது என்று கேட்கிறார். மூட்டைக்குள்ளிருந்து அம்மன் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஒலி அறுந்தது. எந்திரத்துக்குள் ‘டிக், டிக்’ என்று ஏதோ தேடியது.

இவருடைய வலது கை திருப்புளியை எடுத்துவிட்டது. நிறுத்தித் திறந்தால் கோளாறு என்னவென்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்த ஆசை முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. கட்டிலிலிருந்து அந்த அம்மாள் இடக்கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பலமான பிடி. திருப்புளி அந்தரத்தில் நின்றது.

பிறகு ஒலி திரும்பியது. முதலில் வந்தது கூட்டத்தின் சிரிப்பு. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ரயில் தாதரை நெருங்கியது. கதை முழுவதும் வந்துவிட்டது, அந்த ஒரு பதிலைத் தவிர. கடைசிச் சொல்லுக்குப் பின் தட்டு சற்று நேரம் சுற்றியது. அதோடு அந்த எந்திரம் ஓய்ந்துபோனது. மறுபடி எழவே இல்லை.

செல்வி அழுதாள். பாட்டு எப்படி இருந்தது என்று இவரிடம் கேட்டாள்.

“நான் எங்கட்டி பாட்டைக் கேட்டேன்? மோட்டார் சத்தத்தைல்லா கேட்டுட்டு இருந்தேன். அந்த ஒரு எடந்தான் காதுல விழுந்துச்சு.”

கமிட்டி செல்விக்குச் சம்மதம் சொல்லிவிட்டது. காரியம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இவருக்கு முடியவில்லை. முன்பெல்லாம் நான்தான் போன் செய்ய வேண்டும். இப்போது காலையில் பல் தேய்க்கும்போதே அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பதில் நீளமானதா, குட்டையானதா? பேச்சா, பாட்டா? எனக்கு எப்படித் தெரியும்? தாராவியில் வயதானவர்களைக் கேட்டேன். உன் மாமியார் மூட்டை என்று அம்மன் சொன்னதாக ஒருவர் சொன்னார். இறங்கும்போது சொல்கிறேன் என்றதாக இன்னொருவர். பேசவே இல்லை, மூட்டை தும்மியது என்றார் ஒரு தோல் கடைக்காரர். ஒவ்வொன்றையும் கொண்டுபோய்ப் பாட்டுக்கார அம்மாளிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரு பக்க வாயால் சிரித்து, இல்லை என்று தலையாட்டினார்.

இவர் அதே மாடல் எந்திரத்தைத் தேடி பங்கார் கடைகளில் அலைந்தார். கடைக்காரர்கள் காட்டிய மற்றதெல்லாம், ஓடாதவைகூட, அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் திறந்தது திறந்தபடி கிடந்தது. பாந்திரா இளைஞர்களைக் கதவோடு திருப்பி அனுப்பினார். கொடைக்குச் சில வாரம் முன்பு ஒரு எந்திரம் கிடைத்துவிட்டது. நேரே செல்வி வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

“ஒரே ஒரு தடவை குடுட்டி. நான் இங்கயே உக்காந்து பாக்கேன்.”

“வேண்டாம் ஆன்ட்டி. மத்ததெல்லாம் வந்துருச்சுல்ல. இனிமே அதைத் தொட வேண்டாம்.”

“ஒரு வரி இல்லாம எப்படிப் பாடுவ?”

“அது நான் பாத்துக்குறேன்.”

“கெட்டுப்போன எடத்தைத் தெரிஞ்சே விட்டுட்டுப் போகச் சொல்லுத.”

“ஆமா” என்றாள் செல்வி. இவர் எந்திரத்தைப் பைக்குள் வைத்தார். படியிறங்கும்போது இவர் கைப்பிடிக் கம்பியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

கொடையன்று மத்தியானப் பூசைக்கு முன் வில்லுப்பாட்டு. சந்து முழுக்கப் பந்தல். செல்வி வில்லின் நடுவே உட்கார்ந்திருந்தாள். இடப்பக்கம் குடம், பின்னால் உடுக்கையும் தாளமும். இவர் மைக் செட் பக்கத்தில், கைப்பையைத் தோளில் மாட்டியபடியே நின்றிருந்தார். அந்தச் சந்தில் அவருக்கு நாற்காலி கொடுத்துப் பார்த்தவர்கள் எல்லாம் தோற்றுப்போனார்கள்.

ரயில் புனாவைத் தாண்டியது. பரிசோதகர் வந்தார். மூட்டை யாருடையது என்று செல்வி கேட்டாள். கேட்டுவிட்டு, வில்லை அடிக்கும் வீசுகோலை உயர்த்தி அப்படியே நிறுத்தினாள். குடம் மட்டும் அடித்தது. அம்மன் பேசியிருக்க வேண்டிய அளவுக்கு, ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வெட்டோடு அடித்து ஓய்ந்தது.

கூட்டம் சிரித்தது. பெரியவர்கள் முதலில், அவர்களைப் பார்த்துப் பிள்ளைகள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் பாட்டுக்கார அம்மாள் உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். செல்வி வீசுகோலை இறக்கி, ரயிலைத் தாதருக்குக் கொண்டுபோனாள்.

அவர் கிளம்பிவிடுவார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். கதை முடியும்வரை நின்றார். பூசை முடிந்து சாப்பாட்டுக்கு ஆட்கள் நகர்ந்தபின், பாட்டுக்கார அம்மாளின் நாற்காலிக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார். பை தோளிலேயே இருந்தது. உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

“என்ன வரி மதினி அது?”

அந்த அம்மாள் இடக்கை விரல்களால் அந்த உள்ளங்கையில் தட்டினார். ஏறி, இறங்கி, கடைசியில் ஒரு வெட்டு.

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னொரு வாட்டி” என்றார்.

அந்த அம்மாள் மறுபடி தட்டினார். சாப்பாடு ஆறுகிறது என்று செல்வி பந்தலுக்குள்ளிருந்து கூப்பிட்டாள். நீட்டிய கை அப்படியே இருந்தது.

“இன்னொரு வாட்டி, மதினி.”